கரண்டு இல்லாத எட்டு ராத்திரி: டார்ச் பிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் அடித்த அன்று, கன்னியாகுமரி மாவட்டத்தில், திருவட்டார் பக்கத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி நின்ற ரப்பர் மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. சாயும்போது மின்கம்பிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தன. மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் முறிந்து கிடந்தன. எங்கள் தெருவுக்கு மறுபடி கரண்டு வர எட்டு நாள் ஆனது.

அப்போது என் அலமாரியில் ஏழு டார்ச் இருந்தது. முதல் ராத்திரி எல்லாவற்றையும் முழு வெளிச்சத்தில் எரியவிட்டேன். விழுந்த தெங்கையும் பிய்ந்த கூரையையும் பார்க்க அக்கம்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் முற்றத்தில் கூடிவிட்டார்கள். மூன்றாம் ராத்திரி ஏழில் ஒன்றுதான் எரிந்தது, அதுவும் மங்கலாக. நான்காம் ராத்திரி அம்மா மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டார். அடுத்த வீட்டுப் பாட்டியிடம் ரெண்டு பேட்டரிக் கட்டை போடுகிற பழைய டார்ச் ஒன்று இருந்தது. கிணற்றடிக்குப் போகவும், ஆட்டுக் கொட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டு வரவும் மட்டும் அதைத் தட்டுவார். எட்டு நாளும் அது எரிந்தது.

டார்ச் வாங்கும்போது அது எவ்வளவு அதிகமாக எரியும் என்று பார்க்கிறோம். கரண்டு போன வீட்டிலோ அது எவ்வளவு குறைவாக எரியும் என்பதில்தான் காரியமே இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் அதற்குப் பிறகு என் டார்ச்சுகளையும் பேட்டரிகளையும் ஒழுங்குபடுத்தினேன். 2021 நவம்பர் மழையிலும் 2023 டிசம்பர் மழையிலும் அது கைகொடுத்தது. செய்தது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கையில் எத்தனை ராத்திரி இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

எல்லா டார்ச்சையும் மேசையில் பரப்புங்கள். உள்ளே இருக்கும் பேட்டரியை வெளியே எடுத்து, அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். நம்மில் பலரிடம் இருப்பது 18650 வகை: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல 18650-இல் 3,000 முதல் 3,500 மில்லி ஆம்பியர்-மணி வரை இருக்கும். 3,000 என்றால் 3 ஆம்பியர்-மணி, அதை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 10.8 வாட்-மணி, அதுதான் பேட்டரிக்குள் இருக்கும் மொத்தச் சேமிப்பு. கொஞ்சம் பெரிய 21700 வகையில் 5,000 வரை கிடைக்கும். அது 18 வாட்-மணி. 18650 அளவில் ‘9,900’ என்று அச்சடித்து விற்கிறார்களே, அது முழுப் பொய். அந்த அளவுக்குள் அவ்வளவு கொள்ளளவை இதுவரை யாரும் அடைத்ததில்லை. அப்படிப்பட்ட பேட்டரி உங்களிடம் இருந்தால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது செலவுப் பக்கம். நல்ல எல்இடி டார்ச் ஒரு வாட்டுக்குத் தோராயமாக 80 முதல் 100 லூமென் தரும். லூமென் என்பது டார்ச் வெளியே விடுகிற மொத்த வெளிச்சத்தின் அளவு. குறைந்த பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு மெழுகுவர்த்தியின் வெளிச்சம் ஏறக்குறைய 12 லூமென் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் உள்ள எங்கள் வீட்டு ஒரு ராத்திரிச் செலவு இது: நடு அறையில் 100 லூமென், 4 மணி நேரம். அடுக்களையில் நெற்றி லைட் 50 லூமென், 2 மணி நேரம். கையில் எடுத்துக்கொண்டு நடக்க 50 லூமென், எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். வெளியே போய்ப் பார்க்க 1,000 லூமென், மொத்தம் 6 நிமிடம். விடிய விடிய நடைவழியில் 1 லூமென், 8 மணி நேரம். பெருக்கிக் கூட்டினால் 658 லூமென்-மணி வரும். 80-ஆல் வகுத்தால் சுமார் 8 வாட்-மணி.

அப்படியானால் ஒரு நல்ல 18650 பேட்டரி ஒரு வீட்டுக்கு ஒரு ராத்திரிக்கும் கொஞ்சம் கூடவே வரும். ஆறு பேட்டரி இருந்தால் எட்டு ராத்திரி. ஒக்கி சமயத்தில் என்னிடம் ஏழு இருந்தது. நான் இரண்டு ராத்திரியில் தீர்த்தேன். 1,000 லூமெனில் எரியவிட்டால் ஒரு பேட்டரி ஒரு மணி நேரம் தாங்குவதே பெரிய விஷயம். சூடேறி டார்ச் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வது வேறு.

இதில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. வெளிச்சத்தை நாலு மடங்கு கூட்டினால்தான் கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரியும். 400-இல் எரிவதை 100-க்கு இறக்கினால் பேட்டரி நாலு மடங்கு நேரம் வரும், கண்ணோ பாதி குறைந்ததாக மட்டும்தான் உணரும். பத்து நிமிடம் போனால் அந்தக் குறையும் தெரியாது, கண் இருட்டுக்குப் பழகிவிடும். முழுசாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும்.

இரண்டாம் படி: ஒவ்வொரு டார்ச்சுக்கும் ஒரு வேலை

பிடித்த டார்ச்சை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றக் கூடாது. எந்த வேலைக்கு எது என்று முன்கூட்டியே பிரித்து வைக்க வேண்டும்.

முதலில் நெற்றி லைட். டார்ச் சேர்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். நம் மாவட்டத்தில் வெளிச்சத்தைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் யாரென்று கேட்டால் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களைத்தான் சொல்வேன். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறைந்துவிடும் என்பதால் விடியும் முன்பே தோட்டத்துக்குள் இறங்குகிறார்கள். இரண்டு கைக்கும் வேலை. லைட் நெற்றியில்தான் இருக்கும், மரத்தின் வெட்டுப்பட்டை தெரிகிற அளவுக்குத்தான் எரியும். பக்கத்து மரத்துக்கு வெளிச்சம் அடித்து யாரும் பார்த்ததில்லை. அடுக்களையில் மீன் கழுவும்போதும், குழந்தைக்கு மருந்து அளந்து ஊற்றும்போதும், ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாத்திரம் மாற்றும்போதும் நமக்கும் அதேதான் தேவை. வீட்டுக்கு இரண்டு நெற்றி லைட் வாங்குங்கள்.

அடுத்தது அறைக்கான லைட். அகலமாகப் பரவுகிற, 50 முதல் 150 லூமெனில் மணிக்கணக்காக நிற்கிற எதுவும் சரி. அப்புறம் பாக்கெட் டார்ச், ஆளுக்கு ஒன்று. தூரம் அடிக்கிற டார்ச் வீட்டுக்கு ஒன்று போதும். அதன் தூரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெட்டியில் கேண்டெலா என்று ஓர் எண் இருக்கும். அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் பெட்டியில் போட்டிருக்கும் மீட்டர் வரும். 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர். ஆனால் அந்த 200-வது மீட்டரில் விழுவது நிலா வெளிச்சத்தின் அளவுதான். விழுந்து கிடக்கும் கம்பியை அடையாளம் காண வேண்டுமென்றால் அதில் பாதியைக் கணக்கில் வையுங்கள்.

கடைசியாக, ரிமோட்டுக்குப் போடுகிற சாதாரண ஏஏ பேட்டரியில் எரியும் டார்ச் ஒன்று கட்டாயம் வேண்டும். சார்ஜ் செய்ய வழியே இல்லாமல் போனாலும் ஏஏ பேட்டரி முக்குக் கடையில் கிடைக்கும். ஏஏ அளவிலேயே 14500 என்று ஒரு லித்தியம் பேட்டரி உண்டு, அது 3.7 வோல்ட். 1.5 வோல்ட்டுக்கு மட்டும் செய்த டார்ச்சில் அதைப் போட்டால் உள்ளே கருகிவிடும். வீட்டில் மற்றவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் அதை வைக்காதீர்கள்.

நிறத்தையும் பாருங்கள். நீலம் கலந்த வெள்ளை எல்இடி கண்ணுக்கு அதிக வெளிச்சமாகத் தோன்றும், ஆனால் அதில் பொருள்களின் நிறம் சரியாகத் தெரியாது. நிறத் துல்லிய எண் (CRI) 90-க்கு மேல் உள்ள, 4,000 கெல்வின் அளவில் இளமஞ்சளாக எரியும் எல்இடியைத் தேடி வாங்குங்கள். நிச்சியா நிறுவனத்தின் 519ஏ என்ற எல்இடி அப்படிப்பட்டது. காயத்தில் ரத்தம் எது சேறு எது என்று பார்க்கவும், ஒயரில் சிவப்பு எது பழுப்பு எது என்று பிரிக்கவும், நனைந்த சருகுக்குள் ஏதாவது நெளிகிறதா என்று கவனிக்கவும் அந்த வெளிச்சம்தான் உதவும். லூமென் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

மூன்றாம் படி: பேட்டரியைப் பார்த்துக்கொள்வது

டார்ச்சுக்குக் கொடுக்கிற காசைவிடப் பேட்டரிக்குக் கொடுக்கிற காசை நான் முக்கியமாக நினைக்கிறேன். சாம்சங், எல்ஜி, பானாசோனிக், மோலிசெல் மாதிரி பேட்டரி செய்கிற நிறுவனங்களின் அசல் பேட்டரியை நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த பேட்டரி மலிவாகக் கிடைக்கும். அதன் வரலாறு நமக்குத் தெரியாது, வீட்டுக்குள் வேண்டாம். பாதுகாப்பு மின்சுற்று வைத்த பேட்டரி 65 மில்லிமீட்டரைவிட நீளமாக இருக்கும், சில டார்ச்சுக்குள் நுழையாது. வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

நூற்றுச் சொச்சம் ரூபாயிலிருந்தே கிடைக்கிற மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் பேட்டரியின் நிலை தெரிந்துவிடும். 4.2 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 3.7 அருகில் என்றால் பாதியளவு. 3.5-க்கு வந்துவிட்டால் கொஞ்சம்தான் மிச்சம். 3 வோல்ட்டில் நிறுத்திவிடுங்கள். 2.5-க்கும் கீழே இறங்கிக் கிடந்த பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது. மேலுறை கிழிந்ததையும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

வருஷத்தில் சும்மா கிடக்கிற மாதங்களில் பாதி சார்ஜில் வைத்தால் பேட்டரிக்கு ஆயுள் கூடும். புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும்போது எல்லாவற்றையும் நிறைத்துவிடுவேன். வடகிழக்குப் பருவமழை ஓயும் வரை அப்படியே இருக்கும். ஆனி, ஆடிச் சாரலிலும் நம் ஊரில் மரம் விழும். அதனால் ஜூன் தொடக்கத்தில் ஒருமுறை, இது இரண்டாவது சுற்று. மூன்று மாதம் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் முதிர்ந்தால் முதிரட்டும்.

பக்கவாட்டில் பொத்தான் வைத்த டார்ச்சுகள் அணைத்திருந்தாலும் துளித்துளியாகப் பேட்டரியைக் குடிக்கும். பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் பலவற்றில் இது நின்றுவிடும், பையில் தானாக எரியவும் எரியாது. இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய டார்ச் முழு வெளிச்சத்தில் துணியோடு ஒட்டிக் கிடந்தால் துணி கருகும். என் கறுப்புச் சட்டைப் பையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை விழுந்ததைப் பார்த்த பிறகுதான் மெத்தையில் டார்ச்சைக் கவிழ்த்து வைக்கும் பழக்கத்தை விட்டேன்.

நான்காம் படி: உப்புக்காற்று

குளச்சலில் அக்கா வீட்டில் ஒரு டார்ச் கொடுத்து வைத்திருந்தேன். கடலிலிருந்து முந்நூறு மீட்டர் இருக்கும். எட்டு மாதம் கழித்துத் தட்டினால் ஒருமுறை எரிகிறது, ஒருமுறை இல்லை. தட்டினால் எரியும், ஆட்டினால் அணையும். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பிரிங்கின் கடைசி வளையத்தில் பச்சை பூத்திருந்தது. திருகுப் புரிகளில் வெள்ளைப் பொடி. அலுமினியக் குழாயின் வாய் விளிம்பு, அங்கேதான் மின்சாரம் மூடிக்குத் தாண்ட வேண்டும், மங்கிச் சாம்பல் நிறமாகியிருந்தது.

சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். பேட்டரியை எடுத்துவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை நனைத்து முதலில் அந்த விளிம்பைச் சுற்றித் துடைத்தேன். குச்சி கறுப்பாக வந்தது. வெள்ளையாக வரும் வரை நாலு குச்சி மாற்றினேன். பச்சை பூத்த வளையத்தை நோட்டுப்புத்தக ரப்பரால் தேய்த்ததும் உலோகம் பளிச்சிட்டது. புரிகளைப் பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்து, மூடிக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வளையத்தில் மெல்லிசாகச் சிலிக்கான் கிரீஸ் தடவினேன். நம் வீடுகளில் எதற்கும் தேங்காய் எண்ணெயைத்தான் எடுப்போம். இங்கே வேண்டாம், நாளானால் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். வாசலினும் சில வகை ரப்பரை ஊதவைத்துவிடும். சிலிக்கான் ரப்பரில் செய்த வளையம் தவிர மற்றவற்றுக்குச் சிலிக்கான் கிரீஸ் தீங்கு செய்யாது.

கடற்கரைக் கிராமங்களில் இருப்பவர்கள் இதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை போதும். துத்தநாகப் பேட்டரி போட்ட டார்ச்சைச் சும்மா வைக்கும்போது பேட்டரியை வெளியே எடுத்து ரப்பர் பேண்டால் டார்ச்சோடு கட்டி வையுங்கள். உள்ளே கசிந்தால் டார்ச்சே போய்விடும்.

ஐந்தாம் படி: எச்சரிக்கை வந்த பிறகு

வானிலை எச்சரிக்கை வந்து, கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பும் வந்துவிட்டால் கரண்டு இருக்கும்போதே எல்லாப் பேட்டரியையும் நிறைத்துவிடுங்கள். 3,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி 1 ஆம்பியரில் நிறைய மூன்று, நாலு மணி நேரம் ஆகும். நாலு பேட்டரி போடுகிற சார்ஜரில் எட்டு பேட்டரிக்கு எட்டு மணி நேரம். அதனால் மேகம் கறுத்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது.

பவர் பேங்கையும் நிறையுங்கள். 10,000 என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 37 வாட்-மணி. மாற்றத்தில் வீணாவது போக வெளியே வருவது அதில் மூன்றில் இரண்டு பங்குக்குள்தான். அதில் இரண்டு 18650-ஐ நிறைக்கலாம், அவ்வளவே.

படுக்கையறை வாசல், அடுக்களை, முன்வாசல் ஆகிய மூன்று இடங்களிலும் ஆணியில் ஒரு டார்ச் தொங்க வேண்டும். இருட்டிலும் கையால் தடவினால் கிடைக்க வேண்டும். அதன் பொத்தானை எப்படி அழுத்த வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நமக்குப் பிடித்த ஆண்ட்ரில் மாதிரியான மென்பொருள் வைத்த டார்ச்சுகளில் ஒரு அழுத்து, இரண்டு அழுத்து, நீண்ட அழுத்து என்று பல கணக்கு உண்டு. அதை அம்மாவிடம் கொடுத்தால் மூன்றாவது அழுத்தில் மின்னத் தொடங்கும். அவருக்குத் தட்டினால் எரிய, தட்டினால் அணைய ஒரு டார்ச் கொடுங்கள்.

ஆறாம் படி: கரண்டு போன முதல் ஒரு மணி நேரம்

முதலில் ஆணியில் தொங்கும் டார்ச். செல்போன் லைட் வேண்டாம், போனின் சார்ஜ் பேசுவதற்கு வேண்டும். தொட்டால் சூடாகிற கருவிகளை, அயர்ன் பாக்ஸ் மாதிரி, பிளக்கிலிருந்து கழற்றுங்கள். நம் வீட்டில் மட்டும்தானா, தெரு முழுக்கவா என்று வாசலில் நின்று பாருங்கள். தெரு முழுக்க என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

இன்வெர்ட்டர் இருக்கிறவர்கள் அந்த முதல் மணி நேரத்திலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டும். 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரியில் ஏட்டளவில் 1,800 வாட்-மணி இருக்கிறது. இரண்டு பழைய ஃபேனும் நாலு பல்பும் ஓடினால் ஒரு ராத்திரிகூடச் சரியாக வராது. பல்பு பெரிய செலவே கிடையாது, ஃபேன்தான் குடிக்கிறது. புயல் மழை நாளில் ஊரே குளிர்ந்து கிடக்கும், ஃபேனை நிறுத்துங்கள். ஒரு 18650-ஐ நிறைக்க இழப்பெல்லாம் சேர்த்து 15 வாட்-மணி என்று வைத்தால், ஆறு பேட்டரிக்கு 90. இன்வெர்ட்டரில் இருப்பதில் இருபதில் ஒரு பங்கு! அதாவது ஃபேன் ஓடாத இன்வெர்ட்டர் உங்கள் டார்ச்சுகளைப் பல வாரம் எரியவைக்கும்.

ஏழாம் படி: அறைக்கு வெளிச்சம் போடுவது

டார்ச்சை ஆளை நோக்கி வைத்தால் கண் கூசும், அறை இருட்டாகவே இருக்கும். நிமிர்த்தி வைத்து உச்சிக்கு அடியுங்கள். வெள்ளையடித்த காங்கிரீட் உச்சியில் பட்டு வெளிச்சம் அறை முழுக்கப் பரவும். 100 லூமெனில் சாப்பிடலாம், சீட்டு விளையாடலாம், பிள்ளைகள் படிக்கவும் செய்யலாம். டார்ச் உருண்டு விழாமல் இருக்க எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்துங்கள்.

ஓட்டு வீட்டில் இது நடக்காது. எங்கள் பழைய வீட்டில் உத்தரமும் ஓடு தாங்கும் பட்டியல் சட்டங்களும் புகை பிடித்துக் கறுத்திருக்கும். எவ்வளவு அடித்தாலும் உச்சி அதை விழுங்கிவிடும். ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து, நாலு மூலையையும் உத்தரத்தில் கயிறு போட்டுக் கட்டினேன், நடுவில் லேசாகத் தொய்யும்படி. அதன் கீழே ஸ்டூலில் டம்ளர், டம்ளரில் டார்ச். அதே 100 லூமென்தான். அம்மா அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டார்.

அப்போது எட்டிப் பார்த்த அடுத்த வீட்டுப் பாட்டி, நான் ஆர்வத்தில் 400-க்கு ஏற்றியதும், “மக்களே, வெட்டத்தக் கொஞ்சம் கொற, கண்ணு கூசுது” என்றார். அன்றிலிருந்து 100-தான். மேசைக்கு மட்டும் வெளிச்சம் போதும் என்றால் கழுவிக் காயவைத்த வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவை டார்ச்சின் தலையில் கவிழ்த்தால் அரிக்கேன் விளக்கு மாதிரி சுற்றிலும் எரியும். குறைந்த வெளிச்சத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள், கூடினால் பிளாஸ்டிக் உருகும்.

தூங்கும்போது நடைவழியில் 1 லூமென் அல்லது அதற்கும் கீழே. ஒரு 18650 அந்த அளவில் பல ராத்திரி நிற்கும். ராத்திரி எழுந்திருக்கும் வயதானவர்களுக்குக் கால் வைக்க இடம் தெரிந்தால் போதும். மெழுகுவர்த்தியைத் தயவுசெய்து எரியவிட்டுத் தூங்காதீர்கள்.

எட்டாம் படி: வெளியே இறங்கும்போது

இதுதான் உயிரோடு விளையாடுகிற இடம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வாசல்படியில் நின்றபடியே தூர டார்ச்சை முதலில் மேலே அடியுங்கள். கம்பத்திலிருந்து கம்பத்துக்குக் கம்பி நேராகப் போகிறதா, ஏதாவது தென்னை மட்டை அதில் தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். பிறகு அதே வழியில் தரையை. கம்பி விழுந்து கிடந்தால் கரண்டு இல்லை என்று நினைக்கவே கூடாது. மறுபக்கத்திலிருந்து வரலாம், யாராவது வீட்டில் ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தாலும் வரலாம். பத்து மீட்டருக்குள் போகாதீர்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் இன்னும் தள்ளி நில்லுங்கள். கம்பி கிடக்கும் இடத்தை வெளிச்சத்தால் காட்டிக்கொண்டே வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதற்குத்தான் உங்கள் தூர டார்ச் இருக்கிறது. அந்த வேலையில் எத்தனை லூமென் செலவழிந்தாலும் தகும்.

நடக்கும்போது நெற்றி லைட்டை அணைத்துவிட்டு டார்ச்சை இடுப்புக்கும் கீழே பிடியுங்கள். நெற்றியிலிருந்து அடித்தால் நிழல் பொருளுக்குப் பின்னால் மறைந்துவிடும், பள்ளமும் மேடும் ஒரே தட்டையாகத் தெரியும். இடுப்பிலிருந்து சாய்வாக அடித்தால் ஒவ்வொரு கல்லுக்கும் குழிக்கும் நீள நிழல் விழும். சருகில் சுருண்டு கிடக்கும் பாம்பும் நிழலோடு எடுத்துக்காட்டும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். மழைத் தண்ணீர் பொந்துக்குள் ஏறினால் எல்லாம் மேட்டுக்கு, அதாவது நம் திண்ணைக்கு வரும். இரண்டு, மூன்று மீட்டர் முன்னால் 50 அல்லது 100 லூமென் விழுந்தால் போதும். மழையிலும் பனியிலும் நெற்றி லைட்டின் வெளிச்சம் துளிகளில் பட்டு முகத்துக்கே திரும்பும், அதனாலும் கை டார்ச்தான் மேல்.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு ஒன்று. கடலில் வள்ளம் இருக்கக்கூடிய நேரத்தில் கரையிலிருந்து கடலை நோக்கி டார்ச்சை விளையாட்டாக மின்னவிடாதீர்கள். மின்னுகிற வெளிச்சத்தை ஆபத்துக்கான அழைப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ஒக்கியில் எத்தனை குடும்பங்கள் கரையில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தன என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது.

மின்வாரிய ஊழியர்கள் வேலை செய்யும்போது உதவ விரும்பினால் முதலில் கேளுங்கள். ஒக்கிக்குப் பிறகு வெளி மாவட்டங்களிலிருந்தும் ஊழியர்கள் வந்து ராத்திரி பகலாகக் கம்பம் நட்டார்கள். எங்கள் முக்கில் ஒரு கம்பத்தை நிறுத்தும்போது நான் மிச்சமிருந்த ஒரே டார்ச்சோடு நேர் எதிரே நின்றேன். மேலே ஏறியவர் கையால் கண்ணை மறைத்தார். அவருக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால், வெளிச்சம் அவர் கைமேல் விழும்படி நிற்க வேண்டும். அகலமான வெளிச்சம் வேண்டும், அசைக்காமல் பிடிக்க வேண்டும். கீழே நிற்கும் ஆள் என் தோளைப் பிடித்து நகர்த்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்தது இது.

ஒன்பதாம் படி: மூன்றாம் நாளிலிருந்து

தினமும் காலையில் வெளிச்சம் இருக்கும்போது எல்லாப் பேட்டரியையும் மல்டிமீட்டரில் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். 3.6-க்குக் கீழே வந்ததைச் சார்ஜ் வரிசையில் வையுங்கள். நிறைந்ததும் தீர்ந்ததும் கலந்துவிடாமல் இரண்டு டப்பா வேண்டும். இரண்டு, மூன்று பேட்டரியைத் தொடராகப் போடுகிற டார்ச்சில் ஒரே வகை, ஒரே வயது, ஒரே வோல்ட் பேட்டரிகளை மட்டும் போடுங்கள். கலந்து போட்டால் ஒன்று மற்றதைத் தலைகீழாக இழுக்கும், அதில் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

சார்ஜ் செய்ய வழி: காரின் யூஎஸ்பி, எஞ்சின் ஓடும்போது. எப்படியும் மார்த்தாண்டத்துக்கோ தக்கலைக்கோ சாமான் வாங்கப் போவீர்கள், போய் வருவதற்குள் ஒரு பேட்டரி கால்வாசிக்கு மேல் ஏறும். மூடிய கார் ஷெட்டுக்குள் வைத்து எஞ்சினை ஓடவிடாதீர்கள். ஜெனரேட்டரையும் அப்படித்தான், புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். சோலார் தகடு நல்ல பொருள்தான், ஆனால் மழை மேகத்துக்குக் கீழே அதிலிருந்து வருவது பெயருக்குத்தான். புயல் போன மூன்றாம் நாள் வெயில் வந்தால் வெளியே எடுங்கள்.

பத்தாம் படி: பக்கத்து வீடுகளுக்கு

டார்ச் சேர்க்கிறவர் இருக்கும் தெருவில் அடுத்த வீடு இருட்டில் கிடக்கக் கூடாது. கொடுப்பதற்கென்றே மூன்று டார்ச் தனியே வைத்திருக்கிறேன். எல்லாம் ஏஏ பேட்டரி, ஒரே பொத்தான், விழுந்தால் உடையாது. பின்னால் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி வீட்டுப் பெயர் எழுதியிருக்கும். லித்தியம் பேட்டரி போட்ட பெரிய டார்ச்சைப் பழக்கமில்லாதவர் கையில் கொடுக்க மாட்டேன். பிள்ளைகள் ஒருவர் கண்ணில் ஒருவர் அடித்து விளையாடுவார்கள், அதற்கும் 1,000 லூமென் சரிப்படாது. கைக்குழந்தை இருக்கும் வீடு, படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீடு, தனியே இருக்கும் வயதானவர்கள் என்ற வரிசையில் கொடுங்கள்.

கரண்டு வந்ததும் எல்லா டார்ச்சையும் திரும்ப வாங்கி, மூடியைக் கழற்றி ஒரு நாள் நிழலில் காயவையுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கண்ணாடியில் ஆவி படிந்திருப்பது தெரியும். அளந்து, மழைக்காலம் முடியவில்லை என்றால் நிறைத்து, முடிந்துவிட்டது என்றால் பாதியில் நிறுத்தி அலமாரியில் வையுங்கள்.

கொடுத்ததில் ஒன்றை மட்டும் நான் திரும்ப வாங்கவில்லை. அது அடுத்த வீட்டுப் பாட்டியின் கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. ஐப்பசி பிறந்ததும் போய் அதில் பேட்டரி மாற்றுவேன். பழைய பேட்டரியை அளந்தால் இன்னும் பாதிக்கு மேல் இருக்கும்.